கூறல்

சுதந்திர தினத்துக்குப் பதக்கம் குத்திக்கொண்டு வரச் சொல்லி
பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது.
பெட்டியில் ரேஷன் கார்டுக்கு அடியில் கிடந்தது.
முகப்பில் சிங்கங்கள்.
விளிம்பில் பொடி எழுத்தில் எண், பதவி, கடைசியில் பெயர்:
தாடியஸ்.
ததேயூஸ் என்று ஞானஸ்நானம் பெற்றவருக்கு
எந்த ஊர் குமாஸ்தாவோ தாடி வைத்துவிட்டார்.
திருத்தச் சொல்லி இவர் எழுதவே இல்லை.
"அது அவனுக்குக் கெடச்சது. எனக்கில்ல."

கடியபட்டணத்துக்காரர். கொச்சியில் சேரும்போது பதினேழு வயது.
கப்பலின் அடிவயிற்றில், சோனார் அறையில்
காதுக்கருவி மாட்டிக் கடலைக் கேட்கும் வேலை.
துடுப்பைத் தண்ணீரில் இறக்கி
மறுமுனையில் காது வைத்து மீன் அறிகிற வீட்டுப் பிள்ளை;
பாடம் நடத்தியவருக்கு முந்திச் சொல்வாராம்,
இது இறால், இது ஓங்கில், இது கப்பலின் விசிறி.

எழுபத்தொன்று டிசம்பர். குஜராத்துக்கு வெளியே எங்கோ.
நடுச்சாமம் கழிந்து, காதில் தாழ்வாக ஒரு தட்டல்.
நீர்மூழ்கியா என்று கேட்டார் அதிகாரி.
இவர் ஒரு மூச்சு தாமதித்தார்.
பிறகு, ஆம் சார்.
அந்த ஒரு மூச்சைப் பற்றி என்னிடம் சொன்னது
கல்யாணமாகி முப்பத்தோராம் வருஷம்,
நான் சாளைக்குச் செதிள் உரசிக்கொண்டிருந்தபோது.

வெடிகள் இறங்கின.
கருவியைக் கழற்ற மறந்த இடது காது
அன்றோடு சரி.
விடிந்ததும் மேல்தளத்துக்கு ஏறினாராம்.
எண்ணெய் மிதக்கவில்லை. பலகை இல்லை, தொப்பி இல்லை.
வெள்ளை வயிறு காட்டிக்கொண்டு
கண்ணெட்டும் தூரம் கூறல்.
ஆள் நீளக் கூறல், நெட்டி வெடித்து.
நெட்டியை அதிரவைத்துத்தான் அது ஒலி எழுப்பும் என்பது
கடியபட்டணத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.
இவருக்குத் தெரியாதா.

"ஒரு கூறல் பட்டா எங்கப்பன் ஒரு வருசக் கடன அடைப்பான்.
நான் எண்ணாம நின்னேன்."

தொடர்பு அற்றுப்போனது என்று பதிவேட்டில் எழுதினார்கள்.
அந்தக் கடலில் நின்ற எல்லாருக்கும் பதக்கம் வந்தது,
சப்பாத்தி சுட்டவருக்கும்.
வருடாந்தர மருத்துவச் சோதனையில் காது பிடிபட்டது;
கேட்கும் வேலை போய் ஸ்டோர் வேலை.
விசாகப்பட்டினம், போர்ட் பிளேர், மறுபடி கொச்சி.
எனக்கு ஆண்டுக்கு அறுபது நாள் புருஷன்.
பென்ஷன் வாங்கி வந்தபின் முட்டத்தில் ஐஸ் பிளாண்டுக் காவல்;
அந்த மோட்டார் இரைச்சலில் வேறு யாரும் நிலைத்ததில்லை.
நான் எப்போதும் வலப்பக்கம் படுக்கிறேன்.
சண்டை என்றால் இடப்பக்கம் போய்
மனசாரத் திட்டிவிட்டு வந்துவிடுவேன்.

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள்.
பதக்கத்தின் ஊக்கு வளைந்துபோய்
இவர் சட்டையைக் கொஞ்சம் கிழித்திருந்தது.
"எத்தனை கப்பல மூழ்கடிச்சீங்க சார்?"
தலைமையாசிரியை இடப்பக்கம் நின்று கேட்டுவிட்டார்.
"என்ன?"
சுற்றி வந்து வலப்பக்கம் மைக்கை நீட்டினார்.
இவர் கொடியைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார்.
"கூறல்," என்றார்.
ஒலிபெருக்கி அதைக் குருசடி வரை கொண்டுபோய்த்
திருப்பிக் கொண்டுவந்தது.

கூறல் என்றால் சொல்லுதல் என்றே நினைத்திருப்பாள்
வெளியூர்த் தமிழ் டீச்சர்;
மிச்ச வாக்கியத்துக்காகப் பேனா திறந்து காத்திருந்தாள்.
பின்வரிசையில் வள்ளக்காரர் இரண்டு பேர் மட்டும்
சட்டென்று தலை நிமிர்ந்தார்கள்.
"எத்தன எண்ணம்?"
ஏலத்தில் கேட்கிற குரலில் ஒருவர் கத்தினார்,
நல்லவேளை, வலப்பக்கத்திலிருந்து.

இவர் உதடு அசைந்தது.
எண்ணிக்கொண்டிருந்தார்.