வாத்துநடை

முந்நூற்றுப் பன்னிரண்டு வாத்து முன்னே போகும்,
பின்னே நான்.
கோட்டூர் கடைத்தெருவில் டீ ஆற்றுகிறவன் கேட்பான்:
"முந்நூத்திப் பதிமூணாவது எங்க போவுது?"
மூன்று வருடமாக அதே கேள்வி.
சிரித்து வைப்பேன்,
கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் நஸ்ரீன்
எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது.
ஒரு பந்து, அது உட்காரும் கிண்ணம்.
வலப்பக்கம் இரண்டுக்கும் நடுவே கறுப்பாய் ஒரு கோடு.
இடப்பக்கம் கோடே இல்லை.
"எலும்புல எலும்பு உரசுது. எப்படிம்மா நடந்தீங்க?"
வாத்து நிற்காதே, என்றேன்.

நாற்பது வாத்தை விற்றோம்,
கூட இருக்கிறவர் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும்.
சொத்தைப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள்.
இடுப்புக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்றால்
சீழ் வழி கண்டுபிடித்துப் போகுமாம்.
ரத்தம் கொடுக்கத் திருப்பூரிலிருந்து மகன் வந்தான்,
கூடத் தைக்கிற பீகார்ப் பையனையும் கூட்டிக்கொண்டு.
அவன் பெயரைக் கேட்டு வைத்தேன், மறந்துவிட்டது.
ரத்தம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

மெட்டி சோப்புக்கும் மசியவில்லை. வெட்டித்தான் எடுத்தார்கள்.
மூக்குத்தி, தாலி, வெட்டின மெட்டி
எல்லாவற்றையும் முட்டை அட்டைக் கிழிசலில் மடித்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் துரைக்கண்ணு.
கதவு சாத்தும்வரை பார்த்தேன்,
பையை விட்டுக் கையை எடுக்கவில்லை.

முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே வேறு யாரோ.
துணிக்கு அந்தப் பக்கம் கட்டில் செய்கிற சத்தம்:
ரம்பம், சுத்தியல், மறுபடி சுத்தியல்.
"லூசா இருக்கு, அடுத்த சைஸ் குடு" என்றது ஒரு குரல்.
வலியில்லை.
அடிக்கு அடி உடம்பு மட்டும் குலுங்கியது,
மினிலாரியில் கூண்டோடு கூண்டாக ஏறிப்போவதுபோல.

குந்தக்கூடாது. சம்மணம் கூடாது.
கால்மேல் கால் கூடாது. குனியக்கூடாது.
பிசியோதெரபிப் பெண் பிரிசில்லா விரல் விரலாக மடக்கினாள்.
குந்தாமல் நான் செய்தது எது?
முட்டை பொறுக்கியது, அடுப்பு ஊதியது, காட்டுப்பக்கம் போனது,
மகனைப் பெற்றதுகூட முக்கால்வாசி குந்தித்தான்.
மிச்சம் தூக்கம்.
அதற்கும் காலுக்கு நடுவே தலையணை.

மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து நின்றேன்.
வார்டு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.
நாலு அடி. தண்ணீர் குடித்தேன். இன்னும் ரெண்டு.

ராத்திரி அவரிடம் கேட்டேன்:
"எரிச்சப்புறம் இந்த இரும்பு என்ன ஆவும்?"
"எடைக்குப் போட்டுடுவேன், தூங்கு" என்றார்.

ஆறு வாரத்தில் ஆறும் என்றார்கள்.
ஆறவில்லை, பழகியது.
வெண்ணாறு மணலாய்க் கிடந்த பங்குனியில்
குட்டைக் கரைக்குப் போனேன்,
எனக்குப் பின்னால் அவர்,
தலையில் கவிழ்த்த பிளாஸ்டிக் நாற்காலி.
நடுவில் வட்டமாக ஓட்டை போட்டது.
வீட்டில் இருக்கிற நாற்காலி அது ஒன்றுதான்.

மேலே துண்டை விரித்து உட்கார்ந்து எண்ணினேன்.
இருநூற்று எழுபத்தொன்று.
மறுபடி எண்ணினேன். இருநூற்று எழுபத்தொன்று.
ஒன்று எங்கே என்று கத்தினால்
அவருக்குக் கேட்கவில்லை, தண்ணீருக்குள் நிற்கிறார்.

காலடியில் ஏதோ அசைந்தது.
நாற்காலி நிழலிலிருந்து வெளியே வந்து,
இறக்கையை ஒரு தடவை உதறிவிட்டு,
என்னுடைய பழைய நடையில் குட்டைக்குப் போனது.

கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தேன்.
ஓட்டைக்கு நேர் கீழே, வேளை தப்பிய முட்டை.
சிரிப்பு வந்தது. தையல் இருந்த இடம் இழுத்தது.
இதை அந்த டீக்கடைக்காரன் பார்த்தால்
இன்னும் மூன்று வருடத்துக்கு அவனுக்குப் போதும்.

குனியக்கூடாது.
அவர் கரையேறும்வரை
அதற்கு மேலே, அசையாமல், உட்கார்ந்திருந்தேன்.