ஆறாவது அழைப்பு

மம்மல் பொழுது. ஒட்டுசுட்டான்.
விதானை எனக்கு இது ஆறாவது அழைப்பு:
மேற்கே, குளக்கட்டுக்கு மேலே
ஒரு வெளிச்சம். அசையுதில்லையாம்.

ட்ரோன்தான் என்றான் உழவுமெசின் நிரூபன்.
பரா லைற் எண்டால் இவ்வளவுக்கு இறங்கியிருக்கும்
என்றார் நாகேந்திரம்,
இறங்கும் கணக்குத் தெரிந்தவர்.
சத்தியசீலி ஒன்றும் சொல்லவில்லை.
அடுப்பை நூர்த்து, விளக்கை நூர்த்து
சத்தம் வருகுதோ என்று
காதைக் கொடுத்தபடி நின்றாவாம்.

விஞ்ஞான ரீச்சர் போனில் சிரித்தா:
"வால்வெள்ளி, விதானையார்.
இன்னும் நாலு நாள் தெரியும்,
பிறகு எண்பதாயிரம் வருசத்துக்கு இல்லை."

மோட்டார்சைக்கிளில் வீடுவீடாய்ப் போய்ச் சொன்னேன்.
யானைவெடிக்கே திடுக்கிடுகிற சனம்
வயல்வரம்பில் வந்து நின்று
வாலின் நீளத்தை விரலால் அளந்தது.
நிரூபன் படம் எடுத்தான்; ஒன்றும் விழவில்லை,
கறுப்பு மட்டும்.

படலைக்குள் நின்றே சத்தியசீலி கேட்டா:
"போனமுறை வந்தநேரம்
இதைப் பாத்து ஆரும் ஓடினவையோ?"

படிவத்தில் "எடுத்த நடவடிக்கை" என்றொரு கட்டம்.
"ஒருவரும் பதுங்கவில்லை" என்று எழுதினேன்.
அவவின் வீட்டு விளக்கு
அதற்குப் பிறகும் எரியவில்லை.
"ஒருவரும்" என்பதை
வெட்டினேன்.