எட்டு அடி

மல்லாவிச் சந்தியில் கடை மேற்குப் பார்த்தது.
பத்துக்கு இருபது. தகரக் கூரை. முன்னால்
வெட்டி முடிக்காத ஒரு வாய்க்கால்.
முதல் வேலையாக நான் வெயிலை அளந்தேன்.
இரண்டரைக்கு வாசற்படி,
மூன்றேகாலுக்கு நடுத்தரை,
நாலு மணிக்குப் பின்சுவரில் முழங்கால் உயரம்.
சோக்கட்டியால் கோடு கீறினேன்.
அந்தக் கோட்டுக்குள் பாணிமருந்து வராது,
கண்ணுக்கு விடும் துளி வராது.
சவர்க்காரம் வேண்டுமானால் வெயில் காயட்டும்.

டிலக்சன் கொழும்பிலிருந்து படம் கொண்டுவந்தான்,
கம்பனி வரைந்தது, நாலு நிறத்தில்.
மருந்துத் துண்டோடு வருகிறவர்
ஷாம்பு, பால்மா, பற்பசை எல்லாம் கடந்துதான்
கடைசி மேசைக்கு வரவேண்டுமாம்.
"நடக்க நடக்கத்தான் அக்கா சனம் வாங்கும்."
அலுமினியம் அறுத்துக்கொண்டிருந்த அமிர்தநாதன்
வாளை நிறுத்தினார்.
வேர்வைக்குக் கழற்றிய இடதுகால்
சுவரில் சாய்ந்து நின்றது.
"நான் எத்தினை ஷாம்பு தாண்டவேணும், தம்பி?"

படம் தானாகச் சுருண்டுகொண்டது.

மேசை மூன்றரை அடி உயரம்.
ஓரத்தில் மட்டும் இரண்டரைக்கு இறக்கினோம்,
சக்கரநாற்காலிக்கு என்று.
அங்கே முதலில் வந்தது பள்ளிக்கூடச் சப்பாத்து ஒன்று:
நாடி பலகையில் முட்ட,
சில்லறையை ஒவ்வொன்றாக அடுக்கி,
"அம்மாக்குத் தலையிடிக் குளிசை, ரெண்டு."

அந்த மூலைக்கு மேலேதான் மின்விசிறி.
பழையது, கடகடக்கும்.
மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை.
அதன் கீழே மெல்லக் கேட்டால்
பின்னால் நிற்பவருக்குக் கேட்காது.
ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே
கேட்கக் கூசும் பொருளுக்கெல்லாம்
சனம் அந்தப் பக்கம் நகர்ந்தது.

றாக்கைகளை ஆங்கில எழுத்து வரிசையில்தான் அடுக்கினேன்.
ஒரு மாதம் தாங்கியது.
இங்கே யார் எழுத்தைக் கேட்கிறார்கள்?
"மஞ்சள், நடுவில கோடு."
"போனமுறை தந்தது."
"நாரிக்கு."
இப்போது வாசலோடு முழங்கால், அடுத்தது நாரி,
பிறகு சீனி, பிறகு பிரஷர்.
பிறிட்ஜ் நடுவில், என் முகத்துக்கு நேரே;
கரண்ட் போனால்
அதன் சிவப்புப் பொட்டு அணைவதை
நான்தான் முதலில் காணவேண்டும்.

நித்திரைக் குளிசை லாச்சி மட்டும்
கடைசிச் சுவரில், பூட்டோடு.
என் மேசையிலிருந்து எட்டு அடி.
டிலக்சனுக்கு அது பிழையான வடிவமைப்பு.
"அடிக்கடி கேக்கிறது கைக்கெட்ட இருக்கவேணும் அக்கா."
"அடிக்கடி கேக்கிறதாலதான்."

போகும்போது துண்டைப் படிப்பேன்:
திகதி, ஒப்பம்,
ஒன்று எங்காவது ஏழாகியிருக்கிறதா.
திரும்பும்போது முகத்தைப் படிப்பேன்.
எட்டு அடி போதாத நாளில்
ஆறாவது அடியில் நின்று
இல்லாத தூசியைத் தட்டுவேன்.

வைகாசியில் ஒருநாள், தவமலர்.
திகதி சரி. ஒப்பம் சரி. ஒன்று ஒன்றாகவே இருந்தது.
ஆறாவது அடியில்தான் பட்டது:
அவள் விலை கேட்கவில்லை.
மல்லாவியில்
விலை கேட்காமல் மருந்து வாங்க
ஒருவரிடமும் காசில்லை.

வெறுங்கையோடு வந்தேன்.
"சாவிய வீட்டில விட்டிட்டன். பெடியன் எடுத்தரப் போட்டான்.
இருங்கோ."
எந்தப் பெடியன் என்று அவள் கேட்கவில்லை.
நிறை பார்க்கும் மெசினுக்குப் பக்கத்தில்
படத்தில் இல்லாத கதிரை ஒன்று உண்டு.
இருந்தாள். பால் இல்லாத தேத்தண்ணி குடித்தாள்.
வெயில் கோட்டைத் தாண்டி
அவள் செருப்பில் ஏறியது.
விசிறிக்குக் கீழே ஏதோ சொல்லத் தொடங்கினாள்;
அது அங்கேயே இருக்கட்டும்.

நான் குனிந்தெழும்பும்போதெல்லாம்
சட்டைப்பைக்குள் சாவி சத்தம் போட்டது.
இரண்டுபேரும்
கேட்காதமாதிரி இருந்தோம்.