அரை, கால், அரைக்கால்

துர்க்கு மருத்துவமனையின் அடித்தளத்தில்
ஓர் இயந்திரம் கரி சமைக்கிறது.
குளிர் காயவோ பல் துலக்கவோ ஆகாத கரி.
பிறந்த இருபதாம் நிமிடம் அரை.
நாற்பதில் கால்.
பிறகு அரைக்கால், வீசம் என்று
மாதக் கடைசிச் சம்பளம்போல் தேய்ந்து
மாலைக்குள் எதுவுமில்லை.

ஆகவே இங்கே எல்லாரும் வேகமாக நடக்கிறார்கள்.
ஈயப் பெட்டியைத் தள்ளிவரும் இளைஞனுக்கு
யாராவது லிப்ட் கதவைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மேலே, மூன்றாம் எண் அறையில்
ரூனார் எக்ஹோல்ம் படுத்திருக்கிறார்.
ஐம்பத்தெட்டு வயது. ஓலாந்து தீவுகளில்
கப்பல்களுக்கு வழிகாட்டி.
போன ஜூனில் முழங்கால் மடிப்பிலிருந்து
எள்ளளவு உண்ணி ஒன்றைக் கிள்ளி எறிந்தார்.
காய்ச்சல் வந்தது. விட்டது.
விட்டதென்று தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டினார்.
பிறகு திரும்பி வந்தது, தலைக்குள்.

இப்போது இடக்கை நடுங்குகிறது.
அதுகூடப் பெரிதில்லை என்கிறார்.
ஷோக்கர் துறைக்குப் போகும் வழியில்
நீருக்கடியில் நாற்பத்தொரு பாறைகள்.
ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு.
பெயர்களில் பாதி போய்விட்டது.
பாறைகள் போகவில்லை.

எம்ஆர்ஐ எடுத்தார்கள். சுத்தம்.
முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள். சுத்தம்.
வைரஸ் போய்விட்டது என்று எழுதினார்கள்.
போனது அடுப்பை அணைத்துவிட்டுப் போனதா
என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

அழற்சி என்கிறோம்; உள்ளே அழல்.
இந்த ஊர்க்காரர்கள் துலேஹ்துஸ் என்கிறார்கள்;
உள்ளே துலி, நெருப்பு.
இரு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.
சுட்டது ஒரே இடத்தில்.

அந்த நெருப்பைக் காணத்தான் கரி.
மூளையின் காவல்செல்கள்
எதிரி போனபின்னும் ஆயுதத்தைக் கீழே வைக்காமல்
வீங்கி நிற்குமாம்.
அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டு
இங்கே, இங்கே என்று மினுங்கும்.
நேற்று ஒருத்திக்கு மூளையின் நடுவே
மஞ்சளாய் இரண்டு பூசணி விதை.
படத்தைப் பார்த்து அழுதாள்.
நோய்க்கு அல்ல,
மூன்று வருடமாய் "எல்லாம் மனசுதான்" என்று
கேட்டுக்கொண்டிருந்ததற்கு.

ஒன்பது நாற்பதுக்குக் கீழிருந்து அழைப்பு: கரி தயார்.
ஒன்பது நாற்பத்திரண்டுக்கு இன்னொன்று,
ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து, ஒரு வாரம் தாமதமாக.
ரூனாரின் மரபணுவில் ஓர் எழுத்து வேறு.
பத்தில் ஒருவருக்கு ஏறக்குறைய அப்படி.
இந்த மருந்து அவரிடம் ஒட்டாது.
எரிந்தாலும் படம் இருட்டாகத்தான் வரும்.

மிர்வா ஊசித்தட்டை நகர்த்தி வைத்தாள்.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
தடுமாறும் ஸ்வீடிஷில் சொன்னாள்.

அரை.

"அப்படியானால் நெருப்பு இல்லையா?"
"தெரியாது. எங்கள் விளக்கு உங்களிடம் பற்றாது."
கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"கலங்கரை விளக்கு அணைந்த ராத்திரியில்," என்று தொடங்கினார்,
"நாங்கள் அந்தப் பாறையை... அதன் பெயர்..."
வரவில்லை. காத்திருந்தாள்.
வரவில்லை.

கால்.

எழுந்து ஷூ கயிறு கட்டினார்.
வலக்கை போட்ட முடிச்சை இடக்கை அவிழ்த்தது.
மிர்வா குனியவில்லை. குனிந்திருக்கலாம்.
வேறு மருந்து ஒன்று உண்டு, பழையது, மங்கலாகக் காட்டும்,
அக்டோபரில் இடம் கிடைக்கலாம் என்றாள்.
"அக்டோபரில் கடல் மோசம்," என்றார்.
கோட்டை மாட்டியபின், "வருகிறேன்."

அரைக்கால்.

பதிவேட்டில் "செலுத்தவில்லை" என்று எழுதினாள்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் ஊன்றியிருந்தது.
நீல மையில் ஒரு புள்ளி.
ஈயப் பெட்டிக்குள் வீசம்
யாருக்கும் இல்லாமல் மின்னி முடிந்தது.

பதினொன்றரைக்குத் தொலைபேசி.
பின்னால் கடற்பறவைகள், கப்பல் சங்கு.
ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.
மிர்வாவுக்குத் தெரியாத ஸ்வீடிஷ் சொல்.
பாறையாக இருக்கும்.