அரைப் பேர்

மாத்தளைப் பழைய பேப்பர் கடையில்
எடை போட்டுத்தான் உன்னை வாங்கினேன், டெர்மட் கில்ஃபாய்ல்.
ஒன்றேகால் கிலோ.
கரையான் தின்ற நடுப்பகுதிக்குக்
கடைக்காரர் கழிவு தரவில்லை.

முன்பக்கம் திறந்தால் செக்ரோல்.
கவிழ்த்துப் பின்பக்கம் திறந்தால் கவிதை.
மடுல்கலைக் கோப்பித் தோட்டத்துக் கணக்கேட்டுக்குள்
தலைகீழாக நுழைந்தவன் நீ.
துரைக்குத் தெரிந்திருந்தால்
தாளுக்கும் காசு பிடித்திருப்பான்.

லயக் காம்பராவில் போன் அகராதியோடு
மூன்று மழைக்காலம் உன்னைப் படித்தேன்.
பாதி அபின். பாதி அயர்லாந்து.
கிழங்குக் குழியைத் திறந்த காலையில்
அழுகல் நாற்றம் வீட்டுக்குள் வந்து
எல்லாருக்கும் முன்னால் அடுப்பருகே உட்கார்ந்ததாம்.
உனக்கு ஒன்பது வயது.
தங்கையைக் கொண்டுபோன பெட்டிக்கு
அடிப்பலகையில் கீல்.
அவளைக் குழியில் விட்டுவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போனது பெட்டி.
இதை மட்டும் நீ எதுகை போட்டு எழுதவில்லை.
அதனால்தான் நம்பினேன்.

டப்ளினுக்கு நாற்பத்தொரு கவிதை அனுப்பினாய்.
நாற்பது திரும்பின.
ஒன்று அச்சேறியது,
கீழே வேறொருவன் பெயர்.
அன்றிரவு சாராயம் இரண்டு போத்தல் என்று
ஏட்டின் ஓரத்தில் நீயே செலவு எழுதியிருக்கிறாய்.

பிறகு, கோப்பி இலையின் அடியில் அந்த ஆரஞ்சுப் பொடி.
தூசி என்றார்கள் துரைமார்.
நீ கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாய்,
அந்த விரலாலேயே பக்கம் புரட்டினாய்.
ரேகை இன்னும் மங்கவில்லை.
மறுபடியும் வந்துவிட்டது:
அந்தத் தாளில் இந்த ஒரு வரிதான்.

பஞ்சத்துக்குத் தப்பி
மன்னார்ப் பாதையில் நடந்துவந்த முழங்கால்களை
உன் ஊர்த் துறைமுகத்தில்
முன்பே பார்த்தவன் நீ.
இருந்தும்,
பின்பக்கம் பதினேழாம் தாளில்
கோப்பி நிரையில் மதியம் பிள்ளை பெற்ற ஒருத்திக்கு
இருபத்தெட்டு வரி.
மான்விழி என்றாய். மலைமகள் என்றாய்.
துயரத்தின் அரசி என்றுகூடச் சொன்னாய்.
பெயர் சொல்லவில்லை.

ஏட்டைக் கவிழ்த்தேன்.
அதே தேதி, அதே மை.
214. சடைச்சி.
காளிமுத்துக் கங்காணி ஆள்.
அரைப் பேர்.

கூலியைப் பாதியாய் வெட்டியவனும் நீ,
இரவில் அவளுக்காக அழுதவனும் நீ.
பதினேழாம் தாள் சுருங்கியிருக்கிறது;
கண்ணீரா, கூரை ஒழுக்கா, சாராயமா,
நான் சாட்சி சொல்ல வரமாட்டேன்.
கவிதையில் அவளைத் தொலைத்துவிட்டு
கணக்கில் காப்பாற்றி வைத்திருக்கிறாய்.
அது உனக்கே தெரிந்திருக்காது.

என் அம்மாவுக்கும் போன கிழமை அரைப் பேர்தான்.
கொழுந்து இரண்டு கிலோ குறைவாம்.

உன்னைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன்.
இருபத்தெட்டு வரியையும் விட்டுவிட்டு
செக்ரோல் வரியை மட்டும் எழுதினேன்.
கீழே கில்ஃபாய்ல் என்று போட்டேன்.
மீதிப் பேரை
நாளைப் பிரட்டில் பார்க்கலாம்.