களியக்காவிளைக்கு இந்தப்புறம்

மார்த்தாண்டத்தில்
ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்கு மேலே என் ஸ்டூடியோ.
முட்டை அட்டை ஒட்டிய சுவர்.
கீழிருந்து ஏறிவரும் புகைபோட்ட ஷீட்டின் நாற்றம்
இன்றுவரை எந்தப் பாட்டிலும் பதிவாகவில்லை.
இந்தத் தொழிலின் பெரிய குறை அது.

றோஸ்லெட் முதலில் வந்தது சபைப் பாடகர் குழுவோடு,
மூன்றாவது வரிசையில்.
கிறிஸ்துமஸ் கேசட்.
ஆறாவது பாட்டில்
எல்லாரும் மூச்செடுக்க நின்ற இடத்தில்
அவள் நிற்கவில்லை.
"அந்தக் குரலைக் கொஞ்சம் குறையும்" என்றார் போதகர்.
குறைத்தேன்.

அடுத்த மழைக்குத் தனியாக வந்தாள்,
கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதிய பாட்டோடு.
நேந்திரன் குலைகளுக்கு அடியில்
ரேஷன் அரிசி போகும் டெம்போவைப் பற்றி.
பல்லவி கிடையாது. வண்டி நம்பர் உண்டு.

*காயா பழமான்னு ஏட்டையா கேட்டாரு
வெந்தாத் தெரியுமுன்னு டிரைவரு சொன்னாரு*

அவள் கம்மல் அடகுக்குப் போய்
ஆயிரம் கேசட்டாகத் திரும்பி வந்தது.
ஓணத்துக்கு முன் எல்லாம் தீர்ந்தது.
செக்போஸ்ட் தாண்டி
பேச்சு மாறிய ஊர்களிலும்
டேப் அதே வேகத்தில் சுற்றியதாம்.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.
குழித்துறைக்காரர் ஒருவர்
(பெயர் சொல்ல மாட்டேன், பாட்டிலேயே இருக்கிறது)
மூவாயிரம் ரூபாயை மிக்சர் மேல் வைத்தார்.
"எனக்க பேரு வரணும். நல்லதா நாலு வரி."
"நாலு வரிக்கு நல்லது உண்டா உம்ம கிட்ட?"
அவர் நிஜமாகவே யோசித்தார்.
"ரெண்டு வரிக்கு உண்டு."
மீதி இரண்டை அவளே நிரப்பினாள்.
அவர் உள்ளே போன ராத்திரி
ஸ்டேஷனில் அதைத்தான் போட்டார்களாம்.
மறுவாரம் ஏட்டு வந்து நின்றார்:
பிடித்தது தான்தான்,
அந்தப் பெயர் வேண்டாமா?

சிடி வந்தது. சிடி போனது.
வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன்
மெமரி கார்டில் நூற்றுப்பத்துப் பாட்டு முப்பது ரூபாய் என்று
அவள் குரலை அவளிடமே விற்றான்.
வாங்கிக்கொண்டாள்.
"நல்லா ஏத்தியிருக்கான்."

புயல் அடித்த வருஷம்
தூத்தூர்ப் பக்கமிருந்து மூன்று பெண்கள்
கோடு போட்ட நோட்டோடு படி ஏறினார்கள்.
படகின் பெயர், ஆளின் பெயர், வயது.
சில வயதுகள் அடித்துத் திருத்தியிருந்தன;
கடலுக்குப் போன பிறகு
பிறந்தநாள் வந்தவர்கள்.

இரவெல்லாம் மெட்டுத் தேடினாள்.
ஒரு பெயர் அடங்கினால் அடுத்தது வழிந்தது.
இரண்டு வின்சென்ட், இரண்டும் வேறு வேறு நீளம்.
நாலு மணிக்கு
"கீபோர்டை அணை" என்றாள்.

வாசித்தாள்.
பத்தொன்பது நிமிஷம்.
பதினோராம் நிமிஷத்தில்
கீழே யாரோ ஷட்டர் தூக்கும் சத்தம்.
நான் அதை வெட்டவில்லை.
காசு பேசினதாக ஞாபகம் இல்லை.
சாயாவுக்கு அந்தப் பெண்கள்தான் கொடுத்தார்கள்.
மூன்று பென்டிரைவ் போட்டுக் கொடுத்தோம்,
நாலாவது கிடையாது.

மற்றப் பாட்டெல்லாம் இப்போது போனில் கிடைக்கிறது.
போன மாதம் ஒரு கம்பெனி கணக்கு அனுப்பியது,
எந்த நாட்டில் யார் எத்தனை தடவை கேட்டார்கள் என்று.
நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது பைசா.
மெக்சிகோவில் ஒரே ஒருவர்
அரிசிப் பாட்டை நாற்பத்தொரு தடவை.

நான் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.
றோஸ்லெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"அவனுக்க ஊர்லயும் செக்போஸ்ட் இருக்கும்."

நாளைக்கு வருகிறாள்.
நாலுவழிச் சாலைக்கு எடுத்த அவள் விளையில்
எழுபது வருஷத்து அயனி மரத்தைப்
புதர் என்று எழுதிய அதிகாரியைப் பற்றி.
பெயர் ரொம்ப நீளம், தாளத்தில் உட்காராது
என்று போனில் சிரித்தாள்.
உட்கார வைத்துவிடுவாள்.