ஆறாம் குரோமோசோம்

வேலூர் வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.
எலிகளுக்கு மட்டும் இருபத்திரண்டு டிகிரி.
கரண்ட் போனால் ஜெனரேட்டர் எழும்பும்வரை
பதினோரு நொடி எண்ணுவேன்.
எண்ணூறு நெஞ்சுகள் என்னைவிட வேகமாக எண்ணும்.

இடப்பக்க அலமாரியில் வெள்ளை,
வலப்பக்கத்தில் கறுப்பு.
ஒரே தீனி, ஒரே மரத்தூள்,
ஒரே நாளில் ஒரே ஊசி.
இருபது வாரம் கழித்துத் திறந்தால்
வெள்ளையின் நுரையீரலில்
ஜவ்வரிசி ஒட்டிய மாதிரி கட்டிகள்.
எண்ணினேன், முப்பத்தொன்று.
கறுப்பில் ஒன்று. சிலதில் அதுவுமில்லை.

மேல்விஷாரம் தோல் ஷாப்பில்
முனிரத்தினமும் அண்ணன் ஜெயபாலனும்
இருபத்தாறு வருஷம் ஒரே தொட்டியோரம் நின்றவர்கள்.
குரோம் ஏறிய தோல் நீலமாக வெளியே வரும்.
நகக்கண்ணிலும் அதே நீலம்.
பீடிக்கட்டில்கூடப் பாதிப் பாதி.
தம்பிக்கு வந்தது.

அண்ணன்தான் டாக்டரைக் கேட்டார்:
“அவனுக்கு ஏன் வந்துச்சுன்னு எல்லாரும் கேக்கறாங்க.
எனக்கு ஏன் வர்லன்னு யாராச்சும் சொல்லுங்க.”
டாக்டர் ரெஹானா பதில் சொல்லவில்லை.
மாடிக்கு வந்து
கூண்டு அட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து வைத்தோம்.
ஜாதகம் பார்க்கவில்லை,
ஜாதகம் எழுதத்தான் சேர்த்தோம்.
பிள்ளைகள் எல்லாம் கறுப்பு.
பேரப்பிள்ளைகளில் குட்டு வெளிப்பட்டது,
கறுப்பு, பழுப்பு, வெள்ளை,
எல்லா நிறத்திலும் கட்டி, எல்லா நிறத்திலும் தப்பித்தவை.
நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை
என்று நோட்டில் எழுதும்போது
கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

வால்நுனி நறுக்கி எழுத்தெழுத்தாக வாசித்ததில்
ஆறாம் குரோமோசோமின் கடைக்கோடியில் ஏதோ ஒன்று.
ஆறாம்.
இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்ய?
எண்ணும் அதுதான், புண் ஆறுவதும் அதுதான்,
மணலுக்கடியில் இன்னும் ஓடுகிறது என்கிறார்களே,
பாலாறு, அதுவும்.

அது நோய் இல்லை.
தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு.
காற்றடிக்காத வீட்டில் கடைசிவரை தெரியாது.
கதவைப் படிக்கத்தான் எனக்குச் சம்பளம்.
காற்று எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்பதற்கு
எங்கள் கட்டடத்தில் அறை ஒதுக்கவில்லை.

மூன்றாம் அறையில் முடியில்லாத எலிகள்.
வந்த எதையும் எதிர்க்கத் தெரியாத உடம்பு.
முனிரத்தினத்தின் கட்டியில் நொய்யளவு எடுத்து
விலாவில் வைத்தோம்.
இருபத்தைந்தில் பதினாறில் பிடித்தது.
பதினாறு முனிரத்தினங்கள்.
எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள்.
ஒரு மனிதனின் தனி மருந்துக்காக
எலிக்குள்ளேயே வளை தோண்டியிருக்கிறோம்.

முதல் மருந்துக்குக் கட்டி அசையவில்லை.
இரண்டாவதில் எலி மெலிந்தது, கட்டி மெலியவில்லை.
நான்கிற்கு எதுவுமே கொடுக்கவில்லை, ஒப்பிட வேண்டுமே.
அவற்றின் கூண்டை மட்டும்
கடைசியாகத்தான் சுத்தம் செய்வேன்.
மூன்றாவது மருந்தில்
ஒன்பது மில்லிமீட்டர் நான்காக இறங்கியது.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன்.
நான்கு.

இதற்குள் ஐந்து மாதம்.
முனிரத்தினத்திடம் அத்தனை மாதம் இருக்கிறதா என்று
ஒருவரும் சத்தமாகக் கேட்கவில்லை.
அளந்து முடித்தவற்றை நான்தான் கொல்ல வேண்டும்.
அதற்கும் ஒரு படிவம் உண்டு.
மூன்று பிரதி.

ஜெயபாலன் எலியைப் பார்க்க வேண்டும் என்றார்.
உள்ளே விடமாட்டார்கள். போனில் படம் காட்டினேன்.
“கறுப்பா, வெள்ளையா?”
முடியே கிடையாதுங்க.
வாங்கி, தூரவைத்து, கிட்டவைத்துப் பார்த்தார்.
“தம்பிக்கும் இப்ப இல்ல” என்றார்.
சிரிப்பு பாதியில் எங்கோ போய்விட்டது.

அப்புறம் சட்டைக்கையைச் சுருட்டினார்.
“வராதவன் ரத்தம் உங்களுக்கு எதுக்காவது ஆவுமா?”
ஆகும்.
வேலையை விட்டு மூன்று வருஷம்,
நகக்கண்ணில் இன்னும் அந்த நீலம்.
முஷ்டியை இறுக்கச் சொன்னேன்.
முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது.